வலது காலும் ரெண்டு தைரிஸ்டரும்

கள்ளக்குறிச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் நான் பவர் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். வருஷம் மாறினாலும் பையன்கள் மாறினாலும், அந்தப் பாடத்தில் எல்லோரும் ஒற்றுமையாகத் தப்பு செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. கரண்டை அளந்து விடுகிற தைரிஸ்டர் என்ற கருவியின் ஃபயரிங் ஆங்கிளைக் கூட்டினால் வெளியே வருகிற வோல்டேஜ் குறையும். ஆங்கிளைக் குறைத்தால் வோல்டேஜ் கூடும். பையன்கள் கூட்டினால் கூடும் என்றே எழுதுவார்கள். நான் அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, எழுதினவனை எழுப்பி நிற்கவைத்து, "மூளைய வூட்ல சார்ஜ்ல போட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை.

அப்பேர்ப்பட்ட நான், என் வீட்டு ஹாலில், என் கையாலேயே சர்க்யூட் போட்ட டிரெட்மில்லில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைத் தலைகீழாக இணைத்துவிட்டேன். ஏறி நின்று நடக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் வேகமாகத் தெரிந்ததால் குறைக்கிற பக்கம் திருப்பினேன். வேகம் ஏறியது. பயத்தில் இன்னும் குறைத்தேன். இன்னும் ஏறியது. படித்தவன் இல்லையா, கொள்கை மாறாமல் கடைசி வரைக்கும் குறைத்துவிட்டேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் பின்னால் இருந்த அழுக்குத்துணிக் கூடைக்குள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான். என் லுங்கி மட்டும் பெல்ட்டில் சிக்கி, என்னைவிட ஒழுங்காக நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள் பிசியோதெரபிப் பெண். என் மனைவிக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிறவள். கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "சார், நான் அப்பறமா வரட்டுங்களா?" என்றாள்.

கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்த என் மனைவி சிரித்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது. வலது பாதி, வேறு யார் வீட்டிலோ நடந்த விஷயம் போல, சும்மா இருந்தது.

"கூட்டனா... கம்மியாவும்," என்றாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "நீங்கதான... பசங்களுக்கு... சொல்லுவீங்க."

மறுநாள் வகுப்புக்கு நான் எப்போதும் வீட்டில் உரக்கப் பேசித்தான் தயார் செய்வேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சமையலறையில் நின்றபடி அத்தனை வகுப்பையும் கேட்டவள் அவள். அரியர் வைக்காத ஒரே மாணவி.

விழுந்ததில் இடுப்பு வலித்தது. ஆனால் அந்தப் பாதிச் சிரிப்புக்காக இன்னொரு தடவைகூட விழலாம் என்று இருந்தது.

இந்த மெஷின் எங்கள் ஹாலுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலையில் அவள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி கையைவிட்டு விழுந்தது. நான் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே, "இன்னாம்மே, அவரக்காய் மேல கோவமா?" என்றேன். பதில் வரவில்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது. அது பதில் மாதிரி இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவள் வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள், ரொம்ப மெதுவாக, யாரோ படுக்கச் சொன்னது போல.

ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். பேச்சு பாதி திரும்பியது. வலது கையும் வலது காலும் மட்டும் திரும்பி வர யோசித்துக்கொண்டிருந்தன.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் அவனுக்கு மரவள்ளிக் காடு. அப்பா அம்மா போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன ஓட்டு வீட்டில் மழைக்காலத்தில் வெளியே பெய்வதைவிட உள்ளே கொஞ்சம் ஜாஸ்தியாகவே பெய்யும். அதனால் காட்டு ஓரமாக, காங்கிரீட் போட்டு, ஒரு மெத்தை வீடு கட்டிக்கொண்டிருந்தான். வீடு பூசி முடிகிற நேரத்தில்தான் அக்காவுக்கு இப்படி ஆனது.

புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டியவள் கூடப்பிறந்த பெண். ஏற்றின விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்துப் படி தாண்டிப் போய், அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சவேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நுழைவான். அவர்கள் குடும்பத்து வழக்கம் அது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அவன் பார்க்க வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுடைய செயலில்லாத கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எக்கா, நீ என்னிக்கி நடந்து வரியோ அன்னிக்கிதான் எனக்கு புது வூடு. அது வரிக்கும் பூட்டியே கெடக்கட்டும்."

"வேற... யாராவது..." என்றாள்.

"வேற யாரு கீறாங்க எனக்கு?"

கூட வந்திருந்த அவன் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மழ வேற புடிச்சிக்கினு கீது. புள்ளைங்க சட்டிய வச்சி தண்ணி புடிச்சிக்கினு தூங்குதுங்க," என்றாள். யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை. நடப்பதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"சட்டி நெறைஞ்சா ஊத்திட்டு வைக்கட்டும். எங்க அக்காவ வுட்டுட்டு நான் போவ மாட்டேன்," என்றான் மச்சினன்.

அவர்கள் போன பிறகு என் மனைவி இடது கையால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். பிறகு, "ஏங்க," என்றாள். "நான் நடந்து... போவணும். தூக்கிக்கினு போனா... வர மாட்டேன்."

தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள். அப்போது ஐப்பசி மழை.

என்னிடம் முன்பு படித்த ஒருவன் ஜிம் நடத்திக்கொண்டிருந்தான். உடம்பு இளைக்க யாரும் வராததால் ஜிம் இளைத்து மூடப்பட்டது. அங்கே போர்டு எரிந்துபோன டிரெட்மில் ஒன்று மூலையில் கிடந்தது. "எடுத்துக்கினு போங்க சார், எடம் காலியாவும்," என்றான். மோட்டார் நல்ல மோட்டார். டி.சி. மோட்டார். அதற்கு வேண்டிய சர்க்யூட்டைப் போடத்தான் நான் இருக்கிறேனே.

வீட்டுக்கு வருகிற சிங்கிள் ஃபேஸ் கரண்ட் அலை அலையாக வரும். ஒரு அரை அலை ஒரு திசையில் ஏறி இறங்கும், அடுத்த அரை அலை எதிர்த் திசையில். மோட்டாருக்கு ஒரே திசையில் போகிற கரண்ட் வேண்டும். நடுவில் இருந்து திருப்பிக் கொடுப்பது ரெக்டிஃபையர். அதை டயோடை மட்டும் வைத்துச் செய்தால் வந்ததை அப்படியே கொடுத்துவிடும்; கூட்டக் குறைக்க வழியில்லை. தைரிஸ்டரை வைத்தால் எவ்வளவு கொடுப்பது என்பது நம் கையில்.

இதை வகுப்பில் நான் கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்வேன். ஒவ்வொரு அரை அலையும் ஒரு பந்தி. டயோடு என்பது இலை போட்டவுடன் யாரும் கூப்பிடாமலே உட்கார்ந்துவிடுகிற சொந்தக்காரர். சாம்பாரிலிருந்து மோர் வரைக்கும் எல்லாம் அவருக்குக் கிடைக்கும். தைரிஸ்டர் கொஞ்சம் மரியாதை பார்க்கிற சம்பந்தி. வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டால்தான் உட்காருவார். கூப்பிடுவது கேட் என்கிற முனைக்கு நாம் கொடுக்கிற ஒரு சின்னத் துடிப்பு. பந்தி ஆரம்பிக்கும்போதே கூப்பிட்டால் முழுச் சாப்பாடு. தாமதமாகக் கூப்பிட்டால் ரசம், மோர். அந்தத் தாமதம்தான் ஃபயரிங் ஆங்கிள். தாமதம் கூடினால் சாப்பாடு குறைகிறது, இதில் என்னடா குழப்பம் என்பேன். இன்னொரு விஷயமும் உண்டு. சம்பந்தியை உட்கார வைப்பதுதான் நம் கையில். உட்கார்ந்தவரை எழுப்ப நம்மால் முடியாது. பந்தி முடிந்து, கரண்ட் தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கும்போதுதான் அவர் எழுந்திருப்பார்.

இரண்டு தைரிஸ்டர், இரண்டு டயோடு வைத்து பிரிட்ஜ் போட்டேன். ஒரு அரை அலைக்கு ஒரு சம்பந்தி, அடுத்ததற்கு மற்றவர். கூடைக்குள் போய் விழுந்துவிட்டு வந்து, குமிழின் இரண்டு முனை வயர்களையும் மாற்றிப் போட்டதும் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. ஆனால் அவளுக்கு வேண்டியது ஆமை வேகம். ஆமை வேகத்துக்கு சம்பந்திகளை ரொம்பத் தாமதமாகக் கூப்பிடவேண்டும். அப்படிக் கூப்பிட்டால் மோட்டாருக்கு ஒரு வாய் சோறு, பிறகு பட்டினி, மறுபடி ஒரு வாய், பட்டினி. அது விக்கி விக்கி ஓடியது. அவளை ஏற்றினால் கீழே தள்ளிவிடும்.

வழியில் ஒரு பெரிய சோக் காயில் சேர்த்தேன். அது சோறு வரும்போது கொஞ்சம் வயிற்றில் ஒதுக்கி வைத்து, பட்டினி நேரத்தில் மோட்டாருக்குக் கொடுக்கும். அந்தக் கரண்ட் சுற்றி வருவதற்குத் தனியாக ஒரு டயோடு. விக்கல் நின்றது. அடுத்து, அவள் ஏறி நின்றால் பாரத்தில் பெல்ட் மெதுவாகியது, எடையை மாற்றினால் வேகமானது. அவள் பயந்தாள். அதற்கும் வழி செய்தேன். உருளையில் ஒரு காந்தத்தை ஒட்டி வேகத்தை அளந்தேன். வேகம் கொஞ்சம் இறங்கினாலும் சர்க்யூட் தானாகவே தைரிஸ்டரைக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டு, மோட்டாருக்குக் கூடுதலாகக் கொடுத்து, பழைய வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். யார் ஏறினாலும், என்ன பாரம் ஆனாலும், பெல்ட் ஒரே சீராகப் போகும். நான் காலேஜில் செய்யவைத்த எந்த ப்ராஜெக்டும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. முன்னால் வேகம் காட்டுகிற மீட்டர் வைத்தேன். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டுகிற ஆம்மீட்டர் ஒன்று லேபில் சும்மா கிடந்தது, அதையும் பக்கத்தில் பொருத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. அதற்காகத்தான் வைத்தேன்.

அவள் ஏறினாள். இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது முன்கையை மற்றக் கம்பிமேல் வைத்துக்கொண்டாள். நான் குமிழைத் தொட்டேன். இடது கால் போயிற்று. வலது கால் அதன் பின்னாலேயே, பள்ளிக்கூடம் போக மனசில்லாத பிள்ளை மாதிரி, இழுத்துக்கொண்டு போயிற்று. ஆனால் போயிற்று.

"நடக்கறம்மே," என்றேன்.

"நீங்க... வுழுந்த மாதிரி... வுழ மாட்டேன்," என்றாள்.

அதிலிருந்து காலையும் மாலையும் நடந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவேன். "மணலூர்பேட்ட போய் சேந்துட்ட. ஆத்துல தண்ணி போவுது, பாத்து எறங்கு," என்பேன். "டீ... வாங்கிக் குடுங்க," என்பாள். இன்னொரு நாள் திருநாவலூர் வரைக்கும் போய்விட்டதாகவும், கோயில் நடை சாத்திவிட்டார்கள், திரும்பி வா என்றும் சொன்னேன். "பஸ்ல... வரேன்," என்றாள். ஹாலைவிட்டு நகராமல் நாங்கள் மாவட்டம் முழுக்கச் சுற்றினோம்.

பிசியோதெரபிப் பெண்ணுக்கு அந்த மெஷின் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார். ஆனா தரையிலதான் ஜாஸ்தி நடக்கணும்."

தரையில் நடந்தபோது ஒரு தடவை வாஷ்பேசின் பக்கத்தில் என் மனைவி விழுந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து தரை என்றால் இரண்டடியில் "போதுங்க" என்பாள். பெல்ட் என்றால் சிரித்துக்கொண்டு ஏறுவாள். நான் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று சொல்லவேண்டியதில்லை. "மெஷினும் தரதான்மா, கொஞ்சம் நவுர்ற தர," என்றேன் அந்தப் பெண்ணிடம். அவள் அதற்குச் சிரிக்கவில்லை.

படி ஏறுகிற முறையையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "ஏறும்போது நல்ல கால மொதல்ல வைங்கம்மா. எறங்கும்போது முடியாத கால மொதல்ல வைங்க." நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். என் மனைவிக்கு நல்ல கால் இடது. அங்கே தம்பி வீட்டு வாசலில், வலது காலை வைத்து ஏறவேண்டிய ஒரு படி இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வீட்டில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. நான் வீட்டில் இருந்த படித்தவன்.

கார்த்திகையில் ஒரு நாள் ஆம்மீட்டர் முள் முன்பு நிற்கிற இடத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்பதைப் பார்த்தேன். மார்கழியில் இன்னும் கொஞ்சம் மேலே. வேகம் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"மோட்டாருக்கு வயசாயிட்சிம்மே. பிரஷ் தேஞ்சிருக்கும். என்னிய மாதிரி."

"உங்கள மாதிரினா... எப்பவோ... நின்னுருக்கும்," என்றாள். மூச்சு வாங்கியது. முன்கை கம்பியை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது. இத்தனை தூரம் நடக்கிறாள், மூச்சு வாங்காதா என்று நினைத்தேன்.

மச்சினன் போனில் கேட்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டு, "உங்க அக்கா நிக்காம நடந்துக்கினு கீது மாப்ள, நீ பந்தல் போடு," என்பேன். பின்னாலிருந்து அவள், "சட்டி... நெறையுதாடா?" என்பாள். "நெறையல, நெறையல, நீ வா," என்பான் அவன்.

தை பிறந்தது. குறித்த நாளில் விடிந்ததும் காரில் கிளம்பினோம். அவள் கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். கட்டிவிட்டது பக்கத்து வீட்டுப் பெண். வடக்கனந்தல் தாண்டியதும் பனிக்குள்ளிருந்து மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு அதையே பார்த்தாள். இடது கையால் வலது தொடையைத் தட்டிக்கொண்டே வந்தாள், தூங்குகிற ஆளை எழுப்புகிற மாதிரி.

மச்சினன் காரைப் பந்தல் வரைக்கும் விடச் சொன்னான். நான் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வாசல் வரை வந்தாள். சுண்ணாம்பு வாசனை போகாத வீடு. நிலையில் மாவிலை, மஞ்சள். ஒரே ஒரு படி. அதற்கு மேல் நிலைப்படி. அவ்வளவுதான். மணலூர்பேட்டைக்கும் திருநாவலூருக்கும் நடந்தவளுக்கு இதென்ன.

விளக்கை ஏற்றி அவளுடைய இடது கையில் கொடுத்தார்கள். ஒரு பெரியம்மா, "எடது கையிலயா?" என்று முணுமுணுத்தார். மச்சினன் பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டார். நான் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன். அவள் தனியாக நின்றாள்.

"வலது கால வச்சி போம்மா," என்றார்கள் பெண்கள்.

அவள் குனிந்து வலது காலைப் பார்த்தாள். கால் அசையவில்லை. சேலை மடிப்பு மட்டும் ஆடியது. இன்னொரு தடவை முயற்சி செய்தாள். அப்புறம், பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி, இடது கால் தானாகவே படியை நோக்கிக் கொஞ்சம் எழும்பியது.

"ஐய, அந்த காலு இல்லம்மா, வலது காலு, வலது காலு," என்றார் பெரியம்மா.

எழும்பின கால் கீழே வந்துவிட்டது. விளக்கில் எண்ணெய் ததும்பியது. அவள் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். என்னிடம் மட்டும் சொல்கிற குரலில் சொன்னாள்:

"தர... நவுரலீங்க."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஹால் வேடிக்கையில் ஒன்றைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை. அவள் அந்தக் காலைக் கொடுத்துவிட்டு, தரை வந்து எடுத்துப் போகும் என்று காத்துக்கொண்டிருந்தாள். பெல்ட் அப்படித்தான் செய்யும். நிற்கிற தரையில் ஒரு காலைத் தூக்கி முன்னால் வைப்பது எப்படி என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது.

மச்சினன் ஓடி வந்தான். "எந்த காலு வச்சா இன்னாக்கா. வா, நான் புடிச்சிக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள். "ஒழுவற வூட்ல... புள்ளைங்கள வச்சிக்கினு... எனக்காவ இருந்த. எடது கால வச்சி... நான் வர மாட்டேன்."

"எக்கா."

"வேணாண்டா."

அவன் மகளைக் கண்ணால் கூப்பிட்டாள். பாவாடை தாவணி கட்டிய பெண், பயந்துபோய் வந்து நின்றாள். "நீ... இந்த வூட்ல பொறந்த பொண்ணுதான. போ," என்று விளக்கை அவளிடம் கொடுத்தாள். அந்தப் பெண் வலது காலை வைத்து, ஒரு நொடியில், உள்ளே போய்விட்டாள். எவ்வளவு சுலபமாக இருந்தது. உள்ளே பால் பொங்கின சத்தம் கேட்டு எல்லோரும் உள்ளே போனார்கள்.

என் மனைவி போகவில்லை. பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி, வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். "அப்பறமா... வரேன்," என்றாள் கூப்பிட்டவர்களிடம்.

சாப்பாடு புது ஹாலிலேயே நடந்தது. முதல் பந்தியில் மாமா இல்லாமல் எப்படி என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார்த்தினார்கள். இலை போட்டாயிற்று. ஜன்னலுக்கு வெளியே அவள் தெரிந்தாள். மச்சினன் மனைவி ஒரு தட்டில் பொங்கலைக் கொண்டுபோய் அவளுக்கு ஊட்டப் பார்த்தாள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போயிருக்கவேண்டும். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவன் நடுவில் எழுந்தால் பக்கத்தில் சாப்பிடுகிறவர்களை அவமானப்படுத்தினது ஆகும். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, பாயசம் வந்தது, மோர் வந்தது. வகுப்பில் பையன்களைச் சிரிக்கவைக்க நான் கண்டுபிடித்த உதாரணத்துக்குள் நானே உட்கார்ந்திருந்தேன். கடைசி ஆள் இலையை மடிக்கும் வரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை.

திரும்பும்போது காரில் அவள்தான் முதலில் பேசினாள். "நல்லா... கட்டியிருக்கறான். ஜன்னல் வழியா... பாத்தேன்."

"அடுத்த தடவ உள்ள போய் பாக்கலாம்மே."

"ம்."

அடுத்த நாள் காலையில் பெல்ட்டைத் துடைத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். "இன்னிக்கி வேணாங்க," என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். திருநாவலூர் கோயில் நடை திறந்துவிட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க... போயிட்டு வாங்க," என்றாள். கோபமாக இல்லை. ஊருக்குப் போகிறவனை வழியனுப்புகிற மாதிரி சொன்னாள். பிசியோதெரபிப் பெண் மறுபடி தரையிலிருந்து ஆரம்பித்தாள். என் மனைவி கட்டிலிலிருந்து நாற்காலி வரைக்கும் வந்தாள். பங்குனியில் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியால் பிடித்துக் கொடுக்க முடியவில்லை.

தம்பி வீட்டுக்குள் அவள் கடைசி வரை போகவே இல்லை. பக்கத்திலிருந்தவர்கள், உயிர் போன பிறகாவது உடம்பை அந்த வாசலில் வைத்து எடுத்துப் போகலாமா என்று கேட்டார்கள். தூக்கிக்கொண்டு போனால் வரமாட்டேன் என்று அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து மச்சினன் வந்தான். கட்டிலைப் பிரித்து ஓரமாகச் சாய்த்து வைத்தோம். ஹாலில் மெஷின் மட்டும் நடுவில் நின்றது. ஜிம் வைத்திருந்தவனையே கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லியிருந்தேன். கொடுப்பதற்கு முன் மோட்டாருக்குப் பிரஷ் மாற்றிவிடலாம் என்று மூடியைக் கழற்றினேன். பிரஷ் தேயவே இல்லை. பேரிங்கைச் சுற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. மூடியைப் போட்டு ஓடவிட்டேன். அவளுக்கு வைத்த அதே வேகம். பெல்ட் காலியாக ஓடியது. ஆம்மீட்டர் முள் கீழே, கிட்டத்தட்ட அடியில் நின்றது. நானே ஏறிக் கையை வீசி நடந்து பார்த்தேன். முள் கொஞ்சம்தான் எழுந்தது. பிறகு அவள் பிடித்த மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைத் தளரவிட்டேன். பெல்ட் என்னை இழுத்தது. முள் ஏறியது. மார்கழியில் அது நின்ற இடத்துக்கே ஏறியது.

நடக்கிற ஆள் பெல்ட்டைத் தன் காலால் பின்னால் தள்ளுவார். மோட்டாருக்கு வேலை கம்மி. கம்பியில் தொங்குகிற ஆளைப் பெல்ட் இழுத்துக்கொண்டு போகவேண்டும். மோட்டாருக்கு வேலை ஜாஸ்தி. அவள் கால் தளரத் தளர, என் சர்க்யூட் தைரிஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கூப்பிட்டு, அவள் விட்டதையெல்லாம் தான் போட்டு நிரப்பி, வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே ஒன்றுமே தெரியவில்லை. தெரியக்கூடாது என்றுதானே செய்தேன்.

மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்து நான் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா மாமா பாக்கறீங்க?" என்றான். முள்ளைக் காட்டி, நான் இப்போது சொன்னதை அவனிடமும் சொன்னேன். பந்தி, சம்பந்தி எதுவும் சேர்க்கவில்லை. வழக்கம்போல எதையாவது சொல்லவேண்டுமே என்று, "மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. புதுசு மாதிரி கீது," என்றேன்.

அவன் எழுந்து வந்து, காலியாக ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அதுக்கு இன்னா கொறச்சல் மாமா. எங்க அக்காவ ஏத்திக்கினு அதுதான நடந்துது."